முன் சீற்

எங்கள் வானில் எஞ்சின் கிடப்பது
முன்னுக்கு இருப்பவரின் தொடைக்குக் கீழே.
நிலாவெளியில் ஆறேமுக்காலுக்கு வெளிக்கிட்டால்
சாம்பல்தீவுப் பாலத்துக்குள் தகரம் காய்ந்துவிடும்.
அங்கே செருப்பைக் கழற்றுகிறவர்
அலஸ்தோட்டத்தில் திரும்பப் போட்டுக்கொள்வார்.

ஆறு வருடமாய் அந்த இடத்தில்
காணிக் கந்தோர் அருமைத்துரை.
"எனக்கு ஒரு காலுக்குத்தான் சுடும், தங்கச்சி.
பாதி ரிக்கற் போடுங்கோ."
முதல்நாள் சொன்னது. நான் சிரிக்கவில்லை.
பழகியபிறகு சிரித்தேன்.
ரப்பர்ப் பாதத்தைத் தகரத்தில் ஊன்றி
அதன்மேல் மற்றதை வைத்திருப்பார்,
மாட்டின்மேல் காகம்போல.

பின்னுக்கு ஒன்பது பேர்.
ஒருவரும் கேட்டதில்லை அந்த இடத்தை,
டவுன்வரை இடப்பக்கம் கடல் வருகிற இடத்தை.

பங்குனியில் ஒருநாள்
கச்சேரி வாசலில் இறங்கும்போது கால் வரவில்லை.
இழுத்தார்.
சப்பென்று ஒரு சத்தம்.
மிதியடியில் ஐந்து விரலும் பதிந்து கிடந்தன,
அச்சில் வார்த்த விரல்கள்.
"பாத்தீங்களோ, கையெழுத்துப் போட்டிருக்கிறன்" என்றார்.
நான் மிதியடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பாலையூற்றுக் கராஜ்.
ஹிதாயத் நானா சீற்றைக் கழற்றி
கம்பளத்தைச் சுருட்டினார்.
அடியில் கறுத்த பஞ்சாய் இன்னொரு படை.
"இது ஜப்பான்காரன் போட்டது. குளிர் ஏறாமலிருக்க.
சூட்டை உள்ளுக்கு வச்சிருக்க."
எந்தப் பனி ஊரிலோ
யாருடைய பாதங்களுக்கோ விரித்ததை
குச்சவெளிக்கும் திருகோணமலைக்குமாய்
நாங்கள் சுமந்து திரிந்திருக்கிறோம்.
அதற்கும் கீழே
ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி, ஒரு தோட்டின் சுரை,
கைப்பிடி மணல்,
துருப்பிடித்த ஓட்டை, ஓட்டைக்குள்
கராஜின் எண்ணெய் நிலம்.
"கன்னியாவில ஏழு கிணறு. எட்டாவது இஞ்ச கிடக்கு"
என்றார் நானா.

நான் மீன்பெட்டியின் ரெஜிபோம் மூடி கொண்டுபோயிருந்தேன்.
அவர் தொட்டும் பார்க்கவில்லை.
"இது ஐஸுக்கு. இந்தச் சூட்டுக்கு அழுதுரும்."
சாக்கு?
ஈரம் குடிக்கும், உப்புக்காற்றோடு சேர்ந்து தகரத்தைத் தின்னும்.
துருவைச் சுரண்டினோம், ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு
சிவப்புப் பெயின்ற் அடித்தோம்.
தார்த்தாளை இளக்கி, உருளையால் அழுத்தி,
மேலே வெள்ளித்தாள் முகம் வைத்த நுரைப்பாய்.
சைலன்சருக்கு மேலே வெளிப்பக்கமாய் ஒரு தகடு.
தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.

"இதுக்குள்ள என்ன வைக்கிறது, நானா?"

"ஒண்டும் வைக்கப்படாது. காத்துப் போய் வரட்டும்.
இருக்கிறதிலயே நல்ல சாமான் அதுதான்,
காசும் இல்ல."

மற்றதற்கெல்லாம் முப்பத்தெட்டாயிரம்.
பாதி கடன்.

திங்கள் காலை நிலாவெளிச் சந்தியில்
முன்கதவைத் திறந்தவர்
கணக்குக் கிளை புனிதவல்லி மிஸ்.
காலை வைத்துப் பார்த்தார்.
"அட, சுடவே இல்லையே."
ஏறி இருந்தார்.

பாலத்தடியில் அருமைத்துரை கண்ணாடிக்குள் பார்த்தார்.
பின்கதவுக்குப் போனார்.
பின்கதவில் பிடித்தேற ஒன்றும் இல்லை.
யாரோ கைகொடுத்தார்கள்.
கொஞ்சத் தூரம் போனபின் பின்னுக்கிருந்து குரல்:
"இனி முழு ரிக்கற்தான், என்ன தங்கச்சி?"
வான் முழுக்கச் சிரித்தது.
உப்புவெளிவரை
நான் மூன்றாம் கியரிலேயே ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை
முன் சீற்றில் என் சாப்பாட்டுப் பையை வைத்தேன்.
பாலம் வந்ததும் எடுத்தேன்.
கேட்டவர்களுக்குச் சொன்னேன்,
கீழே ஒட்டின பசை இன்னும் காயவில்லை,
பிந்தி ஏறுகிறவர் இருந்தால் பரவாயில்லை என்று.
மிஸ் என்னைப் பார்த்தார்,
பிறகு பின்னுக்குப் போனார்.

இன்றைக்கு இருபத்திரண்டு நாள்.
திருகோணமலை வெயிலில்
இன்னும் காயவில்லை.